எலி தின்ற வீணையா?

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தா காலத்து வீணை ஒன்று கிடைத்தது. ஒரு மெட்டுகூட இல்லை. எலி தின்றிருக்குமோ? நல்ல வார்னிஷாக அடித்துக் கூடத்தில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: எலி மீது பழி போடுமுன் தண்டியைத் தடவிப் பாருங்கள். வீணை என்றால் 24 மெட்டுகள் பதிந்த மெழுகின் தடம் இருக்கும். வழவழவென்று இருந்தால், அது பிறவியிலேயே மெட்டு இல்லாத கோட்டுவாத்தியம். பக்கவாட்டில் குட்டி பிரடைகள் வரிசையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அவை அடியில் ஓடும், மேல்தந்தியோடு தாமாகவே அதிரும் அனுசுரத் தந்திகளுக்கானவை. கருங்காலிக் கட்டையைத் தந்தி மேல் வழுக்கவிட்டு வாசிப்பார்கள். ஹவாயில் பிறந்த ஸ்டீல் கிடாருக்கு ஒன்றுவிட்ட சகோதரி! திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் கோட்டுவாத்தியத்தில் பேர்போன தஞ்சைக்காரர்கள். இன்று இதைச் சித்ரவீணை என்கிறார்கள்.

வார்னிஷ் டப்பாவைக் கதவுக்கே கொடுங்கள். கனமாகப் பூசினால் மேல்பலகை அதிராது; பலகை அதிராவிட்டால் நாதம் ஏது? உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பழைய வேலைப்பாடும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள். அரக்கு பாலிஷை மெல்லிசாகப் பூச, வீணை செய்யும் தஞ்சாவூர் ஆசாரியிடம் கொடுங்கள். முக்கியமாக, பட்டுக்கோட்டைப் பாசத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிடாதீர்கள். அது தலைக்கு, தண்டிக்கு அல்ல!