தாளின் மறுபக்கம்: ஒரு பக்கத் தாளின் பிறப்பும் கதியும்

இலக்கணம்

ஒரு பக்கம் அச்சேறி, மறுபக்கம் வெறுமையாக நிற்கும் அலுவலகத் தாள் ‘ஒரு பக்கத் தாள்’ எனப்படும். இரு பக்கமும் வெறுமையாக இருப்பது புதுத்தாள். இரு பக்கமும் நிறைந்தது பழைய பேப்பர். வடிவியல்படி எந்தத் தாளுக்கும் பக்கம் இரண்டு. அலுவலக நடைமுறைப்படி ஒன்றே.

அளவு

இத்தாள் பெரும்பாலும் ஏ4 அளவினது: நீளம் 297 மி.மீ., அகலம் 210 மி.மீ. ஜெர்மனி 1922இல் வகுத்த இவ்வளவு 1975இல் உலகத் தரமாயிற்று. பதினாறு தாள்களின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். எனவே சதுர மீட்டருக்கு 80 கிராம் ரகத் தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட ரீம் 2.5 கிலோ. ரீம் முழுவதும் ஒரு பக்கமே அச்சானால் ஒன்றேகால் கிலோ வெறுமை மிஞ்சுகிறது. இந்த எடையை எந்த இருப்புப் பதிவேடும் காட்டுவதில்லை.

பிறப்பு

ஒரு பக்கத் தாள் பிறக்கும் வழிகள் நான்கு.

1. பிழைவழி: திரையில் ஒளிந்திருந்த எழுத்துப்பிழை அச்சான மறுகணமே கண்ணில் படுவது.
2. எச்சவழி: ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற இரு சொற்கள் மட்டும் தனித்தாளுக்குத் தள்ளப்படுவது.
3. வராதோர்வழி: பன்னிரண்டு பேருக்கு நகல் எடுத்த கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவது.
4. ஐயவழி: தாள் தீர்ந்த அச்சுப்பொறிக்கு மூன்று முறை கட்டளையிட்டு ஒருவர் வீடு போய்விட, மறுநாள் காலை வேறொருவர் தாள் வைத்ததும் மூன்றும் வந்து விழுவது.

முதல் மூன்றையும் அச்சிடுமுன் முன்தோற்றம் பார்ப்பதும், வருவோரை எண்ணி நகலெடுப்பதும் தடுக்கும். நான்காவதை அடையாள எண்ணை அழுத்தினால் மட்டும் அச்சிடும் பொறி தடுக்கும். எல்லாவற்றினும் வலியது, இரு பக்க அச்சைப் பொறியின் இயல்பு அமைப்பாகவே வைத்துவிடுவது. அமைப்பை மாற்றச் சோம்பும் மனித இயல்பே அதன்பின் சிக்கனத்துக்குக் காவல் நிற்கும்.

வாழ்வு

பிழைத்த ஒரு பக்கத் தாள்கள் நான்காகக் கிழிக்கப்பட்டு, மூலையில் துளையிட்டு டேக் கட்டிய குறிப்பேடாகின்றன. தொலைபேசி எண், டீக்கணக்கு, மனைவி சொன்ன காய்கறிப் பட்டியல் ஆகியவை இதில் ஏறும். மதிய வேளையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரிப்பாகவும், மின்தடையின்போது விசிறியாகவும் இது பணிபுரியும்.

மீண்டும் அச்சுப்பொறிக்குள் செலுத்துவதில் இரு இடர்கள் உண்டு. லேசர் அச்சின் சூட்டில் ஒருமுறை சுருண்ட தாள் உருளையில் சிக்கும். சிக்காமல் வந்தாலோ, வெளியே போகும் கடிதத்தின் முதுகில் யாருடைய சம்பளப் பட்டியலேனும் உடன்போகும்.

பஜ்ஜிக் கடையை அடைந்த தாளில் எண்ணெய் ஊறியதும் ஒரு பக்க எழுத்து இரு பக்கமும் தெரியும். தாளுக்குப் பக்கம் இரண்டு என்பது கண்கூடாக மெய்ப்பிக்கப்படுவது இங்கேதான். ஆனால் அச்சுமை உடலுக்குக் கேடு. செய்தித்தாளில் உணவைப் பொதிவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்துள்ளது. எண்ணெய் குடித்த தாள் ஆலைக்கும் ஆகாது.

மறுபிறப்பு

அச்சிட்ட தாளின் மையை நீக்கிப் புதுத்தாள் செய்யும் முறையை 1774இல் விளக்கியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து யுஸ்டஸ் கிளாப்ரோட். இவர் சட்ட அறிஞர். வழக்குக் கட்டுகளோடு வாழ்ந்தவருக்கு இவ்வெண்ணம் உதித்ததில் வியப்பில்லை.

பழைய பேப்பர் கடைத் தராசிலிருந்து ஆலைக்குப் போகும் தாள் நீரில் ஊறிக் கூழாகும். குண்டூசியும் கிளிப்பும் எடையால் பிரிந்துவிடும். சோப்புக் கலவையில் காற்றைச் செலுத்தினால் மை குமிழியைப் பற்றி நுரையாக மேலெழும், அதை வழித்தெடுப்பார்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் இழை குட்டையாகும். ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு சுற்று வரை அது தாங்கும் என்பர். எழுபிறப்பு என்ற பழங்கணக்குக்கு ஆலையில் கிடைத்த சான்றாக இதைக் கொள்ளலாம். கரூர் மாவட்டம் காகிதபுரம் ஆலையின் தாளுக்கோ அதற்கு முன்பே ஒரு பிறப்பு உண்டு: அது கரும்பு. சாறு சர்க்கரைக்குப் போக, சக்கை சுற்றறிக்கைக்கு வருகிறது.

மறுபிறப்பு வாய்க்காதவையும் உள. வெப்பத்தில் அச்சாகும் ரசீது, கார்பன் தாள், பிளாஸ்டிக் பூசிய டீக்கோப்பை, எச்சில் காகிதம் ஆகியவற்றுக்குத் தனித்தொட்டி தேவை. ஒரே தொட்டியானால் மிச்சமிருந்த அரைக் கோப்பை டீ ஒரு கட்டு நல்ல தாளையும் கெடுக்கும். தாளைத் துண்டாக்கும் பொறி இழையையும் வெட்டுவதால், இரகசியத் தாளை மட்டுமே அதில் இட வேண்டும்.

இறுதிநிலை

எழுத்துத் தாளாகும் வலு குன்றிய கூழ் முட்டை அட்டையாக வார்க்கப்படுகிறது. அடுக்கி வைத்த அட்டை ஒவ்வொன்றின் மேற்பக்கமும் முட்டையைத் தாங்கும். கீழ்ப்பக்கம் அடுத்த அடுக்கு முட்டைக்கு மூடியாகும். அலுவலகத்தில் ஒரு பக்கமே வாழ்ந்த தாளுக்கு, இரு பக்கமும் உழைக்கும் பேறு நாமக்கல் முட்டை லாரியில்தான் கிடைக்கிறது.