ஏலக்காய்க்கு வந்த யோகம்

சுற்றுச்சூழல் நச்சியலில் முதுகலைப் பாடம் படிக்க இனி யாரும் மதுரைக்கோ சென்னைக்கோ பெட்டி கட்ட வேண்டாம். ஸ்வயம் இருக்கிறது, இ-பிஜி பாடசாலை இருக்கிறது, இக்னோ இருக்கிறது, காசிருந்தால் கடல்கடந்த பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. கம்பத்தில் மொட்டைமாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையைப் பிடித்து உட்கார்ந்தால் போதும். அங்கே உட்கார்கிற பிள்ளைக்கு முதல் பாடத்தில் பாராசெல்சஸ் வருவார். அடுத்து 1927இல் ட்ரெவன் என்கிற ஆங்கிலேயர் வகுத்துக் கொடுத்த எல்.டி.50 கணக்கு, அதாவது நூறு எலிக்குக் கொடுத்தால் ஐம்பது எலி சாகிற அளவு. பிறகு 1956இல் மினமாட்டா, 1962இல் ராச்சல் கார்சன், 1984இல் போபால். போபால் முடிவதற்குள் விடிந்துவிடும். கீழே தெருவில் ஜீப்காரர் ஹாரன் அடிப்பார். பிள்ளையின் அம்மா தூக்குவாளியோடு ஓடிப்போய் ஏறிக்கொள்வார். அந்த ஜீப் எந்தப் பாடத்திலும் வராது.

அது எங்கே போகிறது என்று தேனி மாவட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊருக்கு ஊர் இருட்டிலேயே கிளம்பி, குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குள் போய் இறங்குகின்றன ஜீப்புகள். ஆறு பேர் உட்கார வேண்டியதில் பத்துப் பதினைந்து பேர். ஆண்கள் மருந்தடிப்பார்கள். பெண்கள் பழம் எடுப்பார்கள், அதுவும் பல நேரம் மருந்து காயாத செடிக்குள் குனிந்துகொண்டு. ஏலம் நோஞ்சான் பயிர். பேன் விழும், துளைப்பான் விழும், மழை வந்தால் அழுகும். அதனால் சுற்றுக்கு மேல் சுற்று மருந்து. ஒரு சுற்றின் வாடை போவதற்குள் அடுத்தது. மத்தியானம் அதே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதே தூக்குவாளியைத் திறப்பார்கள். சாயங்காலம் தலைசுற்றுகிறது என்றால் பித்தம், வாந்தி வந்தால் வெயில், கை நடுங்கினால் வயசு. நோய்களுக்குத்தான் எத்தனை நாகரிகமான பெயர்கள்!

குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதை மொட்டைமாடிப் பிள்ளை இரண்டு மதிப்பெண் கேள்வியாகவே படித்திருக்கும். நரம்பிலிருந்து செய்தி போனதும் அதை நிறுத்தி வைக்கிற ஒரு நொதி இருக்கிறது, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். மருந்து அதைப் பூட்டிவிடும். செய்தி நிற்காது, கண்மணி சுருங்கும், எச்சில் ஊறும், வியர்க்கும், குடல் புரளும், தசை துடிக்கும். இந்த நொதி ரத்தத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல, ராக்கெட் விடுகிற வேலையும் அல்ல. கொஞ்சம் ரத்தம், ஒரு சாதாரணக் கருவி. யார் எடுக்கிறார்கள்?

எலிக்கு எடுக்கிறார்கள். ஆய்வகத்து எலிக்கு எடை பார்ப்பார்கள். எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்று குறிப்பார்கள். பதினான்கு நாள் பக்கத்திலிருந்து கவனிப்பார்கள். செத்தால் அறுத்து, ஈரல் எப்படி, சிறுநீரகம் எப்படி என்று எழுதிவைப்பார்கள். அதைத் தேவையில்லாமல் துன்புறுத்தக்கூடாது என்று பார்க்க ஒரு நெறிமுறைக் குழுவும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விவரம் தெரிந்த கூலிக்காரர், அடுத்த பிறவியில் என்னவாகப் பிறக்க வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வார்.

எலிக்கும் மேலே ஒரு ஜீவன் உண்டு, அதுதான் ஏலக்காய். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்னணு ஏலத்தில் அதற்கு நடக்கிற மரியாதையைப் பார்க்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் பருமன், லிட்டர் எடை எவ்வளவு, பச்சை எந்த அளவு பச்சை? ஏற்றுமதி என்றால் இன்னும் ராஜோபசாரம். எல்.சி.-எம்.எஸ். கருவிக்குள் போய்வரும். ஒரு கிலோ காயில் ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு மருந்து இருந்தாலும் அந்தக் கருவி பிடித்துவிடும். எச்சம் அதிகம் என்று சவூதி அரேபியா சரக்கைத் திருப்பியபோது நறுமணப் பொருள் வாரியம் கூடியது, வணிகர்கள் கூடினார்கள், கருத்தரங்கு நடந்தது. காயின் உடம்பில் அவ்வளவு இருந்தால், அந்தக் காயை நாள் முழுக்கக் கிள்ளிய விரலில் எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் இடம் பிடிக்கவில்லை. விரல் ஏற்றுமதி ஆவதில்லை, பாருங்கள்.

சவூதியை விடுங்கள், சாமிக்கே வருவோம். சபரிமலை அரவணைப் பாயசத்துக்கு வாங்கிய ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் வரம்புக்கு மேல் இருப்பதாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு சொன்னது. 2023 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது; பாயசம் சாப்பிடத் தக்கதுதான் என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது, 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசம் காலாவதி. வழக்கின் சரி தப்பு எனக்கு முக்கியமில்லை. ஒரு ஸ்பூன் பாயசத்தில் ஒரு சிட்டிகை ஏலப்பொடி, அதற்குள் ஒளிந்திருந்த துளி மருந்து, அதற்காக இரண்டு நீதிமன்றங்கள், ஒரு தேவஸ்வம் போர்டு, ஒரு மத்திய ஆணையம், ஆய்வகங்கள், வக்கீல்கள். நல்லது, நடக்கட்டும். பக்தர் வருஷத்துக்கு ஒருமுறை நக்குகிறார். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அந்த மருந்தை வருஷம் பூராவும் மூச்சாகவே இழுக்கிறவருக்கு எந்த நீதிமன்றம் தானாக முன்வந்து எந்த டின்னை முடக்கியது?

எண் சரியாக வராவிட்டால் எண்ணையே மாற்றுகிற வித்தையும் நம்மிடம் உண்டு. இந்தியாவில் பதிவே பெறாத பூச்சிக்கொல்லிகளுக்கு மசாலாப் பொருள்களில் இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் அதே ஆணையம் பத்து மடங்கு உயர்த்தி உத்தரவு போட்டது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றிருந்தது 0.1 ஆனது. ஒரு சைபரைத் தூக்கியதற்கே நாடெங்கும் கூச்சல். தமிழ்நாடு அரசோ, தற்கொலைகளைத் தடுக்க என்று ஆறு மருந்துகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தது, 60 நாளுக்கு. அறுபத்தோராம் நாள் அந்த மருந்துக்கு நல்ல புத்தி வந்துவிடும் என்று வேளாண்மைத் துறை நம்பியிருக்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், பேஷாக இருக்கிறது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம், 1971இல் விதிகள். மருந்து தெளிக்கிற ஆளை வேலைக்கு எடுக்குமுன் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பு உடை தரவேண்டும், மூச்சுக்கவசம் தரவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. அரைநூற்றாண்டு தாண்டிவிட்டது. தோட்டத்தில் இன்றைக்கும் மூச்சுக்கவசம் என்றால் தலையில் கட்டிய துண்டை மூக்குக்கு இறக்கிக்கொள்வதுதான்.

இதில் உச்சகட்ட சாமர்த்தியம் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மருந்து விழுவது கேரளத்தில், ஆள் விழுவது தமிழ்நாட்டில். இடுக்கித் தோட்டத்தில் இழுத்த மூச்சுக்குக் கம்பம் அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறார்கள். கேரளத்தின் கணக்கில் நோயாளி இல்லை, ஏனென்றால் அவர் சாயங்காலமே மலை இறங்கிவிட்டார். தமிழ்நாட்டின் கணக்கில் மருந்து இல்லை, ஏனென்றால் அது தெளிக்கப்பட்டது மலைக்கு அந்தப் பக்கம். இரண்டு மாநிலமும் சுத்தம். காசர்கோட்டில் எண்டோசல்பான் தெளித்தபோது அடித்த இடமும் பாதித்த வீடும் ஒரே மாநிலத்தில் இருந்து தொலைத்தன. அதனால் எண்ணினார்கள், போராடினார்கள், 2011இல் உச்சநீதிமன்றம் தடை போட்டது, 2017இல் ஆளுக்கு 5 லட்சம் கொடு என்றது. கம்பத்துக்காரர் செய்த பிழை, தினமும் எல்லை தாண்டியது.

இந்த இரண்டு அரசுகளுக்கும் கண்காணிக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம் தினமும் பத்திரிகையில் வருகிறது, தசமப் புள்ளியோடு. 142 அடியிலிருந்து ஒரு விரற்கடை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு சட்டமன்றமும் கொதிக்கும். கொரோனா காலத்தில் இதே குமுளியிலும் போடிமெட்டிலும் கூலிக்காரரை வரிசையில் நிறுத்தி, நெற்றிக்கு நேரே கருவியை நீட்டி, இ-பாஸ் எங்கே என்று கேட்டார்கள். அன்றைக்கு அவர் உடம்பிலிருந்து கிருமி நமக்கு வந்துவிடும் என்ற பயம். ஆகவே அவர் உடம்பு அளக்கத் தக்கதாக இருந்தது. நம்மிடமிருந்து அவருக்குப் போகிற விஷத்துக்கு அந்தக் கருவி நீளாது.

மலைக்கு இந்தப் பக்கமே நடந்ததற்கு மட்டும் என்ன வாழ்ந்தது? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் 1983 முதல் பாதரசத்தோடு புழங்கினார்கள். 2001இல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடி கிடந்த பிறகுதான் ஆலை மூடியது. 591 தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. பாதரசத்துக்கு விசா கிடைத்தது. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாம் என்று பேரம். ஆலைக்குக் கீழே இருக்கிற பாம்பாறு சோலையின் தண்ணீர் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளத்துப் பக்கம்தான் இறங்குகிறது. அந்தப் பேரத்தில் பெரியகுளத்துக்காரர் ஒருவருக்கும் நாற்காலி போட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே மாண்புமிகு இரு மாநில அரசுகளுக்கும் ஒரு விண்ணப்பம். குமுளிச் சோதனைச்சாவடியில் ஒரு மேசை போடுங்கள். நச்சியல் படித்துவிட்டு வேலை தேடுகிற நம் பிள்ளைகளையே உட்காரவையுங்கள். மலையேறும்போது ஒரு சொட்டு ரத்தம், மருந்துச் சுற்று முடிந்து ஒரு சொட்டு. சாவடியில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற நேரத்தில் இதையும் பார்த்துவிடலாம். பஞ்சு யார் வாங்குவது, ஊசி எந்த மாநிலச் செலவு, எடுத்த ரத்தம் தமிழ்நாட்டு ரத்தமா கேரளத்து மருந்தா என்று தகராறு வரும், நிச்சயம் வரும். வரட்டும். 2014இல் உச்சநீதிமன்றம் சொல்லி அணைக்குப் போட்டார்களே மூவர் குழு, அதே மாதிரி இதற்கும் ஒன்று போடுங்கள். அணைக்கட்டின் விரிசலைக் குனிந்து குனிந்து பார்த்தவர்கள், ஒரு நாளாவது காலை ஐந்து மணி ஜீப்பில் பதினாறாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு மேலே போகட்டும். தூக்குவாளியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள், மத்தியானம் கைகழுவத் தோட்டத்தில் தண்ணீர் தருவார்களா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.