லவணஹ்ரதத் துடுப்பு லக்ஷணம்

கல்கத்தா மாநகரின் கீழ்த்திசையில், உப்பும் இன்றி ஏரியும் இன்றி, சால்ட் லேக் என்னும் திருநாமத்தை மட்டும் பூர்விகச் சொத்தாக வைத்துக்கொண்டு, விலாசம் கேட்டால் தெருவின் பெயரைச் சொல்லாமல் இத்தனையாம் எண் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே என்று சொல்லிவிடுகிற ஒரு பேட்டையில், மூன்றாவது மாடியில் நெடுநாளாகக் குடியிருக்கும் நான், நீரோட்டத்தோடு மிதந்தபடியே மீன் பிடிக்கும் படகுக்குத் துடுப்பைத் தெரிந்தெடுத்துப் பொருத்துவது எங்ஙனம் என்ற பிரமேயத்தை ஆராயப் புகுந்ததன் காரணத்தை என் மனைவி உட்படப் பலரும் வினவியிருக்கிறார்கள். சாஸ்திரத்துக்குப் பிரயோஜனம் கேட்பது லௌகிகரின் சுபாவம். அவர்களுக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தால் வியாகரணமே தோன்றியிராது. சென்ட்ரல் பார்க்கில் ஒரு நீர்நிலை உண்டே என்று ஆக்ஷேபிப்பவர்களுக்கு, பூங்காவுக்குள் அடங்கியதை ஏரி என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை என்பதே சமாதானம்.

முதலில் சொல்லாராய்ச்சி. துடுப்பு என்ற நம் தமிழ்ச் சொல்லுக்கு ஓடம் உந்தும் கருவி என்றும், அடுக்களையில் களியும் கூழும் கிண்டும் மரக்கரண்டி என்றும் இரு பொருள் இருப்பதை அகராதி அறிந்தவர் அறிவர். இரண்டும் ஒரே தொழிலைத்தான் செய்கின்றன என்றாலும், கரண்டி பாத்திரத்தை அசையாமல் வைத்துப் பண்டத்தைப் புரட்டுகிறது, ஓடக்காரன் துடுப்போ பண்டத்தை விட்டுவிட்டுப் பாத்திரத்தையே நகர்த்துகிறது என்னும் நுட்பம் கவனிக்கத் தக்கது. வங்காளிகள் இவ்விஷயத்தில் நம்மைவிடச் சிக்கனம் குறைந்தவர்கள். கையில் பிடித்துத் துழாவுவது பைட்டா. படகின் விளிம்பில் கட்டி வலிப்பது தாண்டு. பின்புறத்தில் நின்று திசை திருப்புவது ஹால். தரையில் ஊன்றித் தள்ளும் மூங்கில் லகி. நம் தென்கடற்கரை மீனவரும் தொளவை என்றும் தண்டு என்றும் பிரித்தே பேசுவார்கள். எல்லாவற்றையும் துடுப்பு என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் என்னைப் போலத் தண்ணீரைக் குழாயில் மட்டும் கண்டவர்கள். ரிக் வேதத்தில், கடல் நடுவே கைவிடப்பட்ட புஜ்யு என்பவனை அசுவினி தேவர்கள் நூறு துடுப்புள்ள கப்பலில் ஏற்றிக் கரைசேர்த்ததாக வருகிறது. அந்த நூற்றுக்கும் மரம் அறுத்தவன் யார், அளவு எடுத்தவன் யார் என்பதைப் பற்றிப் பாஷ்யக்காரர்கள் மௌனம் சாதிக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்புவதே இச்சிறு முயற்சி.

தேச வர்த்தமானம் சிறிது வேண்டும். வித்யாதரி ஆற்றின் வழியே கடல் ஓதம் ஏறிவந்த காலத்தில் சால்ட் லேக் மெய்யாகவே உப்பேரியாக இருந்தது. ஆறு தூர்ந்து உப்பு வற்றிய பின்பு, மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராயின் திட்டப்படி, 1962-ஆம் ஆண்டில், இவான் மிலுட்டினோவிச் என்ற யுகோஸ்லாவியக் கம்பெனியார் ஹூக்ளி நதியின் அடிவண்டலைத் தண்ணீரோடு கரைத்துக் குழாய் வழியே அனுப்பி இப்பள்ளத்தை மேடாக்கத் தொடங்கினர். ஆகவே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிற தரையே, ஒருகாலத்தில் குழம்பாக மிதந்து வந்து இங்கே தங்கிப்போனது. மிதவை பற்றி எழுத மற்றவர்களுக்கு இல்லாத அதிகாரம் எனக்கு உண்டென்று நான் கருதுவது இதனால்தான்.

இனி மர லக்ஷணம். போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்திகல்பதரு என்ற சம்ஸ்கிருத நூலின் கையெழுத்துப் பிரதி, வேறெங்குமல்ல, இதே ஊரின் சம்ஸ்கிருதக் கல்லூரி நூலகத்தில் இருந்தது. ராதாகுமுத் முகர்ஜி 1912-இல் வெளியிட்ட இந்தியக் கப்பல் வரலாற்றில் அதை உலகறியச் செய்தார். மனிதரை நான்கு வருணமாக வகுத்த பின்னும் ஆயாசம் தோன்றாத நம் முன்னோர் அந்நூலில் மரங்களையும் விட்டுவைக்கவில்லை. இலேசாகவும் மென்மையாகவும் இருப்பது பிராமண மரம். இலேசாகவும் கடினமாகவும் இருப்பது க்ஷத்திரிய மரம். மென்மையும் கனமும் வைசியம். கடினமும் கனமும் சூத்திரம். நாவாய்க்கு க்ஷத்திரிய மரமே சுகமும் செல்வமும் தரும் என்றும், இரண்டு ஜாதி மரங்களைக் கலந்து கட்டினால் சீக்கிரமே உளுத்து நீரில் பிளந்துபோகும் என்றும் தீர்ப்பு. போஜன் கப்பலைப் பற்றிச் சொன்னதைத் துடுப்புக்கும் ஏற்றிக் கொள்ளலாம். நாளெல்லாம் தூக்கித் தூக்கி வைக்கவேண்டிய பொருளாகையால் இலேசும், பாறையிலும் கரையிலும் இடிபடுவதால் கடினமும் அதற்கு வேண்டியவைதாம். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு மரக்கடைக்குப் போய், க்ஷத்திரிய மரம் இருக்கிறதா என்று கேட்டதில், கடைக்காரர் மிகுந்த மரியாதையுடன் பல ஜாதி மரத்தகடுகளைப் பசையிட்டு ஒட்டிய பிளைவுட்டை எடுத்துக் காட்டினார். போஜன் கணக்கில் சுத்தமான வருணசங்கரம். என் வீட்டுச் சமையலறை அலமாரி அதனால் ஆனது, எத்தனையோ மழைக்காலம் பார்த்துவிட்டது, இன்னும் பிளக்கவில்லை.

வருணத்தைக் காட்டிலும் உதவியானது, மர நரம்பு பிடிமுனையிலிருந்து அலகுமுனை வரையில் விலகாமல் நேராக ஓடுகிறதா என்று ஒற்றைக்கண்ணை மூடிப் பார்ப்பது. பிறகு அலகைத் தரையில் ஊன்றிப் பிடியைச் சாய்த்து நடுத்தண்டை அழுத்தவேண்டும். சிறிது வளைந்து, கையை எடுத்ததும் நிமிர்கிறதே, அதுவே உத்தமம். வளையாதது தோளை முறிக்கும். வளைந்தபடியே நிற்பது பந்தல் காலுக்கு ஆகும்.

நீளத்துக்கு மேல்நாட்டுத் துடுப்புத் தச்சர்கள் ஒரு கணிதம் வைத்திருக்கிறார்கள். படகின் இரு விளிம்பிலும் துடுப்பைத் தாங்கும் முளைகளுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கி, இரண்டு அங்குலம் கூட்டி, வந்ததை இருபத்தைந்தால் பெருக்கி ஏழால் வகுக்கவேண்டும். நல்பன் மீன்பண்ணைக் கரையில் கட்டிக் கிடந்த ஒரு டிங்கியை, காவற்காரர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, தையற்காரரின் நாடாவால் நான் அளந்ததில், அகலம் மூன்றரை அடி. பாதி இருபத்தோரு அங்குலம், கூட்டினால் இருபத்து மூன்று, பெருக்கினால் ஐந்நூற்று எழுபத்தைந்து, வகுத்தால் எண்பத்திரண்டும் சொச்சமும். தச்சருக்காக முழுமையாக்கினால் ஏழு அடி. அந்த இரண்டு அங்குலத்தை எதற்குக் கூட்டுகிறோம் என்றால், இரு பிடிகளும் மார்புக்கு நேரே ஒன்றையொன்று தாண்டி நிற்பதற்காக. இதன் பலனாகப் புதிதாக வலிப்பவன் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கையின் நகத்தால் மறு கையின் முட்டியைப் பிராண்டிக்கொள்கிறான். மிதவைப் படகுக்காரர்கள் பிடிகளுக்கு நடுவே சிறிது இடைவெளி விடச் சொல்வது, இந்த ரத்தக் காணிக்கையைத் தவிர்க்கத்தான்.

பொருத்தும் இடத்தில் ஒரு பழைய வழக்கு குறுக்கிடுகிறது. துடுப்பு ஒரு நெம்புகோல் என்பதில் யாருக்கும் விவாதம் இல்லை. அதன் ஆதாரம் எது என்பதில்தான் சண்டை. அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் யந்திரவியல் வினாக்கள், முளையே ஆதாரம், கடலே பாரம் என்று கொண்டு, கப்பலின் நடுவில் உட்கார்ந்தவன் வலிப்புக்கு ஏன் பலம் அதிகம் என்று ஆராய்கிறது. பிற்காலத்தார், அலகு ஏறக்குறைய நீரில் நின்ற இடத்தில் நிற்க, நகர்வது படகே ஆதலால், தண்ணீரே ஆதாரம், படகே பாரம் என்றனர். பூர்வபட்சமும் உத்தரபட்சமும் இரண்டும் படகு முன்னே போகவேண்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. மிதவைப் படகின் தத்துவமோ வேறு. அமெரிக்காவில் ஆரகன் ராஜ்யத்து மக்கென்ஸி நதியில், வலிப்பவன் நீரோட்டம் போகும் திசையை நோக்கி உட்கார்ந்து, எதிர்த்திசையில் வலித்துப் படகைப் பின்னுக்கு இழுக்கிறான். ஆறு கொண்டுபோகிறது, துடுப்பு வேண்டாம் வேண்டாம் என்கிறது, அந்தப் பிணக்கின் இடையே தூண்டில் போடுகிறவன் மீன் பிடித்துவிடுகிறான். ஹூக்ளியில் இலிஷ் மீனுக்கு வலையைக் குறுக்கே விரித்து, வலையும் படகும் ஒன்றாக ஓதத்தோடு போகும்போதும், ஓட்டுவது நதியின் வேலை, வலை சுருளாமல் படகை ஒழுங்கில் நிறுத்துவதே துடுப்பின் வேலை. ஆகவே முளை ஆடாமல் இருக்கவேண்டும். துடுப்பு முளையில் தேயும் இடத்தில் தோலாவது சணல் கயிறாவது நெருக்கமாகச் சுற்றவேண்டும். வெளிப்புறம் மிகக் கனத்தால் பிடிப்பக்கத்தில் பாரம் சேர்த்துச் சமன் செய்யவேண்டும். கயிறு சுற்றுவதற்கு நான் ஒரு பிற்பகல் முழுவதையும் செலவிட்டேன். அது இந்த ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த கலப்பற்ற இன்பம்.

இவ்வளவையும் நிறுவிய பின்பு, சால்ட் லேக்கில் எந்தத் துடுப்பும் உதவாது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நகரின் கழிவுநீரை வாங்கி மீன் வளர்க்கும் பேடிகள், அதாவது மீன் ஏரிகள், ஊரின் விளிம்பிலிருந்து தொடங்கி நெடுந்தூரம் பரந்திருக்கின்றன. 2002-இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற சதுப்பு நிலத்தின் பரப்பு 12,500 ஹெக்டேர். நீர் அங்கே ஓடுவதில்லை. ஆழம் இடுப்பளவும் மார்பளவும்தான். அலை கரையை அரிக்காதிருக்க ஓரங்களில் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கும் ஆகாயத் தாமரையில் அலகு சிக்கினால் மீட்பது பிரசவ வேதனை. அங்குள்ள மீனவர் அணியத்திலோ அமரத்திலோ நின்றுகொண்டு, ஒற்றை மூங்கிலைச் சேற்றில் ஊன்றித் தள்ளிப் போய்விடுகிறார். அரிஸ்டாட்டில் மரபினருக்கும் பிற்காலத்தாருக்கும் நடந்த வழக்கு இங்கே ஒரே நொடியில் தீர்கிறது: முளையுமன்று, தண்ணீருமன்று, சேறே ஆதாரம்.

ஆனால் இந்தச் சித்தாந்தம் எனக்கு உதயமாவதற்கு முன்பே தச்சருக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அவர் கொண்டுவந்த ஜோடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "மஷாய், நௌகோ கோதாய்?" என்று கேட்டார். படகு எங்கே என்ற அந்த எளிய கேள்விக்கு அமரகோசம் முழுவதிலும் விடை இல்லை. லிஃப்ட்டின் நீளம் ஆறரை அடி, துடுப்பு ஏழு அடி. மூலைவாட்டில் சாய்த்தால் கொள்ளும் என்று பைதாகரஸ் அருளியிருந்தும், ஏற்கெனவே உள்ளே நின்றிருந்த பெண்மணி தாம் சாய மறுத்தபடியால், மாடிப்படி வழியே சுமந்தேன். "வீட்டில் ஒரு துடுப்பு இருக்கிறதே, போதாதா?" என்று மனைவி கேட்டது கரண்டியைக் குறித்துத்தான். தாழ்வாரத்தில் சார்த்திவைத்தவற்றின் இடையே அடுத்த நாளே கொடி கட்டி என் வேட்டி உலர்ந்தது.

துர்க்கா பூஜைக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவெல்லாம் கொட்டிய மழையில் தெருவும் நடைபாதையும் பேதமின்றி ஒரே நீர்ப்பரப்பாயின. நடுவில் ஒரு சாக்கடை மூடி நகர்ந்துகிடப்பதாக வதந்தி. விடியற்காலையில் எங்கள் கட்டடத்துக் காவற்காரர் மேலே வந்து, "தாதா, அந்த நீளமான கட்டையைக் கொஞ்சம் கொடுங்கள்" என்றார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் முழுவதும் சணல் சுற்றிச் சமன்செய்த துடுப்பை, அவர் அலகு மேலாகவும் பிடி கீழாகவும் தலைகீழாகப் பிடித்து, அடிக்கு ஓர் ஊன்றாகத் தெருவில் குத்திக்கொண்டே நடந்து போய், மூடி இல்லாத இடத்தை மூன்றாவது ஊன்றில் கண்டுபிடித்தார். திருப்பிக் கொண்டுவந்தபோது பிடியில் இரண்டு சாண் உயரத்துக்குச் சேறு. கறுப்பு, வழுவழுப்பு, சந்தேகமின்றி ஹூக்ளியினுடையது.