போன வருஷத்துச் சக்கரம்

பைன்வுட் டெர்பி என்பது அமெரிக்காவின் கப் ஸ்கவுட் பிள்ளைகள் நடத்தும் பொம்மைக் கார்ப் பந்தயம். கலிஃபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் டான் மர்ஃபி என்பவர் 1953 மே மாதம் தொடங்கிவைத்தது. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சுக்குப் பதில் நான்கு ஆணி, இவ்வளவுதான் பெட்டியில் வரும். செதுக்கி முடித்த கார் 7 அங்குலத்துக்கு மேல் நீளக்கூடாது, 5 அவுன்ஸுக்கு மேல் எடை கூடாது. மோட்டார் இல்லை, சரிவில் விட்டால் உருண்டு இறங்கும். பிள்ளையும் வீட்டுப் பெரியவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. சேர்ந்து என்பதில் யார் பங்கு எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

பந்தயத்துக்கு முந்தைய மாலை எடைமேசையில் கார்களைச் சோதிப்பது வழக்கம். மேசைக்கு இந்தப் பக்கம் பழைய சக்கரங்களைப் புதுப்பித்த ஒரு தகப்பன். அந்தப் பக்கம் பரிசோதகர்.

தகப்பன்: பழைய சக்கரத்தில் முதல் வேலை கழற்றுவது. ஆணித்தலையைக் குறடால் பிடித்து, திருகியபடியே நேராக இழுக்கவேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் சக்கரத்தின் குடம் விரிசல் விடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக் கழுவவேண்டும். கொதிநீர் ஆகாது, பாலிஸ்டைரீன் கோணிக்கொள்ளும். அசிட்டோன் பட்டால் கரைந்தே போகும்.

பரிசோதகர்: கழுவியது பையனா?

தகப்பன்: பையனுக்கு மறுநாள் பள்ளிக்கூடம்.

பரிசோதகர்: நியாயம்தான். அடுத்தது?

தகப்பன்: தேர்வு. சக்கரத்தைக் கண்ணாடிப் பலகையில் உருட்டினால் குறை தெரிந்துவிடும். தள்ளாடினால் கழி, விளிம்பு உடைந்திருந்தால் கழி. ஆணித்துளை தேய்ந்து அகன்றுவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. போன பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது. தேறிய சக்கரத்தைத் தண்டில் மாட்டி, டிரில்லை மெதுவாக ஓடவிட்டு, நனைத்த உப்புத்தாளால் ஓடுபரப்பைத் தேய்க்கவேண்டும். 400 எண் தாளில் தொடங்கி 600, 1000, கடைசியில் 2000. வேகம் கூடினால் சூடேறி உருகும். இதோ பாருங்கள், முகம் தெரிகிறது.

பரிசோதகர்: தெரிகிறது. ஆனால் சக்கரம் தடத்தில் உருளத்தான் செய்கிறது, சறுக்குவதில்லை. அச்சில் வார்த்தபோது விழுந்த தழும்பும் மேடுபள்ளமும் போனால் அங்கே வேலை முடிந்தது. அதற்குமேல் வரும் பளபளப்பு தகப்பனுக்கு. சறுக்கி உரசும் இடங்கள் மூன்று: துளைக்குள் ஆணி உரசுகிறது, ஆணித்தலையில் குடம் உரசுகிறது, காரின் மரத்தில் குடத்தின் உள்முகம் உரசுகிறது. இவற்றுக்கு என்ன நடந்தது?

தகப்பன்: துளைக்கும் பிளாஸ்டிக் மெருகுப் பசை போட்டாயிற்று.

பரிசோதகர்: போட்ட பசை வெளியே வந்ததா?

தகப்பன்: வரவேண்டுமா?

பரிசோதகர்: பைப் கிளீனரில் பசை தடவி, துளைக்குள் கையாலேயே முன்னும் பின்னும் இழுப்பது பாதி வேலை. சுத்தமான இன்னொன்றால் அந்தப் பசையைத் துடைத்தெடுப்பது மீதிப் பாதி. உள்ளே தங்கிய பசையோடு, வழுக்குவதற்காகப் போடும் கிராஃபைட் தூள் சேர்ந்தால் அரைத்த மசாலா மாதிரி அப்பிக்கொள்ளும். ஆணி எங்கே?

தகப்பன்: பழைய பெட்டியில் வந்த ஆணிதான். ஆணியை யார் பார்க்கப்போகிறார்கள்?

பரிசோதகர்: துளை பார்க்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் ஆணியின் தலைக்கு அடியில் பிசிறு இருக்கும், தண்டில் அழுத்திய தழும்பும் இருக்கும். அரத்தால் பிசிறை எடுத்து, உப்புத்தாளைப் படிப்படியாக நைசாக்கித் தேய்த்து, மெருகேற்றாவிட்டால், சில ஓட்டத்திலேயே மெருகிட்ட துளையைக் கீறிவிடும்.

தகப்பன்: அதற்குத்தான் எண்ணெய் விட்டிருக்கிறது, தாராளமாக.

பரிசோதகர்: கிராஃபைட்டின் மேலா?

தகப்பன்: இரண்டும் வழுக்கும் பொருள்தானே?

பரிசோதகர்: தனித்தனியே வழுக்கும். சேர்ந்தால் சேறு. சில எண்ணெய்கள் இந்தப் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். உலர்ந்த தூளைத் துளையில் தட்டி, சக்கரத்தைச் சுழலவிட்டு, மறுபடி தட்டி, மறுபடி சுழலவிட்டால் துளைச் சுவரில் படிந்துகொள்ளும். பழைய சக்கரத்துக்கு இருந்த ஒரே சொத்து போன வருஷம் அப்படிப் படிந்த தூள்தான். அதைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று.

தகப்பன்: உட்பக்கம் கொஞ்சம் சுரண்டியும் இருக்கிறது. இலேசான சக்கரம் சீக்கிரம் சுழலும்.

பரிசோதகர்: அறிவியல் சரி. இறங்கும் காரின் ஆற்றலில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றவே செலவாகிறது. விளிம்பு இலேசானால் அந்தச் செலவு குறையும். அதனால்தான் சுரண்டுவதையும் ஓடுபரப்பைக் கூராக்குவதையும் பெரும்பாலான ஸ்கவுட் குழுக்களின் விதிகள் தடுக்கின்றன. வெர்னியர் அளவுகோல் இந்த மேசையில் இருப்பதும் அதனால்தான். நேரம் அளக்கும் கருவி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டுவதால், அந்த ஆயிரத்தில் ஒன்றுக்காகத் தகப்பன்மார் கண்விழிக்கிறார்கள்.

தகப்பன்: சுரண்டாத நாலும் பையில் இருக்கிறது. அவற்றை மாட்டினால்?

பரிசோதகர்: அவையும் போன வருஷத்தவையா?

தகப்பன்: ஆமாம்.

பரிசோதகர்: பல குழுக்களைப் போல இங்கேயும் விதி ஒன்றுதான்: இந்த வருஷப் பெட்டியில் வந்த சக்கரமே ஓடவேண்டும். பழையதைத் திறந்த பிரிவில் ஓட்டலாம். அண்ணன், அக்கா, பெரியவர் யாரும் சேரலாம்.

தகப்பன்: அங்கே போட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

பரிசோதகர்: சக்கரத்தில் முகம் பார்த்த பதினோரு பேர். வரிசை அந்தக் கதவுக்கு வெளியே.

தகப்பன்: அப்படியானால் பையன் எதை ஓட்டுவான்?

பரிசோதகர்: இந்த வருஷப் பெட்டி?

தகப்பன்: வெளியே எங்கள் காரில் கிடக்கிறது. உறை பிரிக்கவில்லை.

பரிசோதகர்: மேசை எட்டு மணிவரை திறந்திருக்கும். அரமும் உப்புத்தாளும் அந்த மூலையில் உண்டு. பையனை வரச்சொல்லுங்கள்.