தேர் கொடுத்த கதை

முல்லைக் கொடிக்குத் தேரை ஈந்த பாரி, அதற்காக வரிவிலக்குச் சீட்டொன்றைக் கேட்டு வாங்கியதாகப் புலவர் எவரும் பாடவில்லை. அமெரிக்க தேசத்துத் தர்மவான்களின் சம்பிரதாயமோ வேறு. 1935 முதல் அங்கே விற்பனையாகிவரும் செவ்ரோலே சபர்பன் போன்றதொரு குடும்ப ரதம், பிள்ளைகளெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகு, பெட்ரோல் தாகம் மாத்திரம் தணியாமல், வாசலில் எண்ணெய் சொட்டிக்கொண்டு நிற்கும்போதுதான், அதன் உடைமையாளரது ஹிருதயத்தில் ஜீவகாருண்யம் சுரக்கத் தொடங்குகிறது. தர்ம ஸ்தாபனத்தாரும், பாவம், இழுவை வண்டியை இலவசமாகவே அனுப்பி, அதை ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

முன்னெல்லாம் வண்டியின் சந்தை மதிப்பு இதுவென்று கொடையாளியே தாராளமாக எழுதி, வரிக் கணக்கில் கழித்துக்கொள்வார். உருளாத வண்டிகளும் காகிதத்தில் ராஜரதங்களாக ஓடின. 2004-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அந்தப் புஷ்பக விமானங்களைத் தரையிறக்கியது: 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமாயின், ஏலத்தில் வண்டி என்ன விலைக்குப் போயிற்றோ, பெரும்பாலும் அதுவே தானத்தின் அளவு. மறு வருஷமே இத்தகைய தானங்கள் வெகுவாகக் குறைந்துபோயின. அவ்வருஷம் அமெரிக்க ஹிருதயங்களில் யாதொரு வியாதியும் பரவியிருக்கவில்லை.