ஜெராக்ஸ்: திருநாவலூரை முன்வைத்து ஒரு சொல்லாராய்ச்சி

ஜெராக்ஸ் ஆங்கிலச் சொல் என்பார் உளர். அது மேலோட்டமான கருத்து. அமெரிக்காவில் அது ஒரு கம்பெனியின் பெயர். அதைப் பொதுச்சொல் ஆக்காதீர்கள் என்று அந்தக் கம்பெனி விளம்பரமே கொடுத்துப் பார்த்தது. திருநாவலூரில் யாரும் அந்த விளம்பரத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

கடைத்தெருவில் அரைமணி நின்றால் இலக்கணம் முழுதும் கிடைக்கும். 'ஜெராக்ஸ் எடு' என்றால் வினை. 'ஆதார் ஜெராக்ஸ்' பெயர். 'ஜெராக்ஸ்லதான் நிக்கறேன், வா' என்றால் கடை. இடத்திலுள்ள பொருள் இடத்துக்கு ஆகிவந்ததால் தானியாகுபெயர் என்க. 'புள்ள அப்படியே அவங்கப்பன் ஜெராக்ஸ்' என்பது உருவகம். தாய்வீட்டார் முன்னிலையில் வழங்காது. 'வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன், ஒரு ஜெராக்ஸ் போடுங்க' என்பதுதான் ஆய்வாளரைத் திணற வைப்பது. அங்கே மூலம் என்று காகிதமே கிடையாது. ஒளிநகல் என்று கேட்டுப் பாருங்கள், 'ஜெராக்ஸா?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

இனி வேர். கிரேக்கத்தில் 'ஜீரோஸ்' என்றால் உலர்ந்தது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் ஈர மை இல்லாமல் முதல் நகலை எடுத்தார். 1959இல் 914 என்ற இயந்திரம் வந்தது. மின்னேற்றிய உருளையில் எழுத்துள்ள இடத்தில் மட்டும் கரிப்பொடி ஒட்டும். சூட்டில் உருகித் தாளில் பதியும். இதில் புதுமை என்ன? நம்மவர்கள் ஓலையை உலர்த்தி, எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரி தடவித் துடைத்தார்கள். கீறல் மட்டும் கறுத்து நின்றது. உலர் எழுத்து இதுவன்றோ!

மறுப்பாளருக்கு இவ்வூர்ப் பிள்ளை சுந்தரரின் வழக்கே சான்று. புத்தூர்க் கல்யாணப் பந்தலில், 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை நீட்டிய கிழவரைப் பித்தன் என்று ஏசி, மாப்பிள்ளை சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் அசரவில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில், கிழிந்தது படியோலை, மூலவோலை இதோ என்று எடுத்துக் காட்டினார். அடிமை ஓலை எழுதிக் கொடுத்த பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது, பேரன் தோற்றார். சேக்கிழார் பெரிய புராணத்தில் விரிவாகப் பதிந்திருக்கிறார். வெளியே ஜெராக்ஸ், உள்ளே ஒரிஜினல் என்னும் நடைமுறையைக் கிழவராக வந்த சிவபெருமானே தொடங்கிவைத்திருக்க, பெருமை முழுதும் கார்ல்சனுக்குப் போயிற்று. (இன்று திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டம், 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சியோடு திருநாவலூர் போய்விட்டதால் வழக்கு மாவட்டம் தாண்டியிருக்கும்.)

இக்கட்டுரையை நகலெடுக்கத் திருநாவலூர்க் கடையில் நீட்டினேன். ஒன்று போதும் என்றேன்.

"ரெண்டா எடுத்துக்கங்க சார். ஒண்ணு கிழிஞ்சாலும் கிழியும்."