சோல் போட்ட ஐயா

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் காணப்படும் சோல் போட்ட ஐயா பெரும்பாலும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. முப்பது வருடம் மலை ஏறி இறங்கியதில், குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் நார்ப்பட்டை நைந்துபோயிருக்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே அது தன் வேலையைக் காட்டும்.

டிஸ்பென்சரி மாத்திரை, கோடாலித் தைலம், உப்புப் போட்ட சுடுதண்ணீர் எல்லாம் கைவிட்ட பிறகே ஐயா கொழும்புக்கு ரயிலேறுவார். காலுக்கு அளவெடுத்துச் சப்பாத்துக்குள் போடும் சோல் செய்யும் தொழிலைப் படிப்பிக்கும் பள்ளியே 2004இல்தான் ராகமையில் வந்தது. தோட்டத்தில் அதற்கு ஆள் தேட முடியாது. கொழும்பில் நுரைப்பெட்டியில் காலை அழுத்தி அச்செடுப்பார்கள். ஊர் திரும்பியதும் அந்த அச்சைப் பற்றி ஐயா பேசும் பேச்சில் சிவனொளிபாதமலைக்குரிய பக்தி இருக்கும். 2,243 மீற்றர் உயரத்திலுள்ள பாதத்தைப் பார்க்க டிசம்பரிலிருந்து மே வரை சனம் ஏறுகிறது. ஐயாவின் பாதத்துக்குச் சீசன் நாலு நாள்தான்.

பிறகு பழகும் காலம். முதல் நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இன்னுமொன்று என்று கூட்டிப்போனால் சில கிழமைகளில் கால் இணங்கும். மற்றவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. கணக்கப்பிள்ளையோ கொப்பியில் கோடு போட்டு, தொழிலாளரின் நாள்வரவைச் செக்ரோலில் எழுதிய கையால் தன் கால்களுக்கே பேர் போடுவார்: வலது கால் முழுப் பேர், நொண்டிய இடது கால் அரைப் பேர். முழங்காலும் இடுப்பும் புதிதாக வலித்தால் அதற்கும் ஒரு கட்டம் உண்டு. தொடக்கத்தில் லேசான வலி வழக்கமானதுதான். உடம்பு நடையை மாற்றிப் பழகுகிறது. ஆனால் அந்த வலி தணியாவிட்டாலோ தோல் கொப்பளித்தாலோ சோலைத் திருத்தக் கொடுக்க வேண்டும். இதற்கும் கொழும்பா என்று ஐயா கவ்வாத்துக் கத்தியைத் தேடும்போது வீட்டார் அதை ஒளித்துவைப்பது நல்லது.

சோல் நிற்கக் குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்து வேண்டும். ஆனால் வீடு, கோயில், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் வாசலில் கழற்ற வேண்டும். ஆகவே கணக்கு நிறைவது ரோட்டில்தான்.

"உள்ள வாங்கய்யா, தேத்தண்ணி குடிங்க."

"இன்னும் இருபது நிமிசம் கெடக்கு. இங்கயே கொடு."

அவர் வாசலில் நின்று குடிக்கும்போது, கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்குப் போகும் பெண்கள் கடப்பார்கள். நாளுக்கு 18 கிலோ பறித்து இறக்கும் அவர்களுக்கும் அதே குதிகால், அதே வலி, அச்செடுக்கத்தான் யாருமில்லை. ஒருத்தி நின்று கேட்பாள்:

"இத பாட்டாவுக்குள்ள போடலாங்களா ஐயா?"

"ஏலாது" என்றால் முடிந்துவிடும். ஐயா அப்படி விடமாட்டார். சப்பாத்தைக் கழற்றி, சோலை உருவி, அவளுடைய பாட்டாவின் மேல் வைத்து, ஓரடி நடக்கச் சொல்வார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கானுக்குள் விழும். அதை எடுத்துக் கழுவிக் காயவைத்த நேரம் கொப்பியில் கழிக்கப்படும்.